மாதா மாதம் எழுதிப் பிழைக்க: பத்திரிகையா, கன்டென்டா, மொழிபெயர்ப்பா?

மதுரையில் இருந்துகொண்டே எழுத்தை நம்பிப் பிழைக்கலாமா என்று கேட்பவர்கள், எதில் காசு அதிகம் என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் வேறு இரண்டைப் பார்க்கச் சொல்வேன். உழைத்த மாதத்துக்கும் அச்சில் வந்த மாதத்துக்கும் எவ்வளவு தூரம்? எழுதியது யாருக்குச் சொந்தம்?

பத்திரிகைக் கட்டுரையில் அந்தத் தூரம் மிக அதிகம். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசை ஊருக்கே தெரியும். ஆனால் பொங்கல் இதழில் கட்டுரை வர வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே காளை வளர்ப்பவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமிக்கு. எழுதி அனுப்புவது பங்குனியில். தீபாவளி மலருக்கு ஆடி, ஆவணி. ஆக, அலைந்து திரிந்த மாதத்தில் ஒரு வரிகூட வெளியாகாது. அப்புறம் ஓய்ந்திருக்கும் மாதத்தில் இரண்டு மூன்று இதழ்களில் பெயர் வரும். சன்மானமும் பெரும்பாலும் பிரசுரமான பிறகுதான். வீட்டு வாடகை அதுவரை காத்திருக்காது.

சரி, பிறகு ஏன் எழுத வேண்டும்? எழுதியது நம்முடையதாகவே இருக்கிறது, அதற்காகத்தான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் வெளியிலிருந்து எழுதுபவர்தான் தன் கட்டுரையின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை ஏறுவதைப் பற்றி வருடாவருடம் எழுதுகிறவர், அதையெல்லாம் சேர்த்து ஒருநாள் புத்தகமாக்கலாம். இதை இளையவர்கள் பலர் யோசிப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கன்டென்ட் வேலை, அதாவது நிறுவனங்களின் இணையதளங்களுக்கு எழுதிக் கொடுப்பது, இதற்கு நேர் எதிர். வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசி, கீவேர்டு பட்டியலை, அதாவது இணையத் தேடலில் சிக்குவதற்காகக் கட்டுரையில் வர வேண்டிய சொற்களை, கொடுப்பார்கள். அந்த வாரமே முடித்து, மாதக் கடைசியில் பில் அனுப்பிவிடலாம். ஆனால் பெயர் வராது. ஒப்பந்தத்தில் உலகம் முழுமைக்கும், காலவரையின்றி, எல்லா உரிமையும் அவர்களுக்கே என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். சட்டம் தரும் அந்த 5 ஆண்டுப் பாதுகாப்பு அந்த ஒரு வரியிலேயே போய்விடும். கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் படியுங்கள். குடும்பச் செலவு நெருக்கும்போது இந்த வேலையை எடுப்பதில் தப்பே இல்லை. மாதம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டால், வருடக் கடைசியில் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

மூன்றில் வேலை சீராக ஓடுவது மொழிபெயர்ப்பில். தினமும் மூன்று நான்கு பக்கம் என்று வைத்துக்கொண்டால் திருவிழாவோ மழையோ கணக்கைக் கலைக்காது. 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருப்பதால், உட்கார அமைதியான இடமும் கிடைக்கிறது. புத்தகம் வரத் தாமதமாகும், ஆனால் பெயரோடு வரும். மொழிபெயர்ப்பின் பதிப்புரிமையும், எழுதிக் கொடுக்காத வரை, மொழிபெயர்த்தவருக்கே. மூல ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடியும்வரை அனுமதி கட்டாயம். அனுமதி வாங்குவது பதிப்பகத்தின் வேலை என்றாலும் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் முதல் பக்கத்தைத் தொடாதீர்கள். முன்பணத்தையும் அப்போதே பேசிவிடுங்கள்.

என் தேர்வு, மொழிபெயர்ப்பை அடித்தளமாக வைத்து மாதத்துக்கு ஒரு பத்திரிகைக் கட்டுரை. கன்டென்ட், பணம் இடிக்கும் மாதத்துக்கு மட்டும். புதிதாக வருபவர்கள் மட்டும் பத்திரிகையில் தொடங்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுக்கும் முன், அச்சில் வந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றுதான் பதிப்பகத்தார் கேட்பார்கள்.