மொத்த வரிசைப்படுத்தலா, ஒற்றைச் செல் முறையா? வேலூர் வெயில் தீர்த்துவைத்த கேள்வி

வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் ஊக்கத் தவணையைப் போட்டுக்கொள்ளும் கால்நடைப் பராமரிப்புப் பணியாளர்களின் ரத்தத்தில் எந்தெந்த எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன என்பதை மரபணு வரிசைகளைக் கொண்டு பார்க்க முனைந்தபோது, எங்கள் சிறிய ஆய்வகத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளை அணுக்களான பி செல்கள் எல்லாவற்றின் ஆர்என்ஏவையும் (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் நகல்) ஒன்றாகப் பிரித்தெடுத்து, டிஎன்ஏவாக மாற்றி, மொத்தமாக வரிசைப்படுத்துவது ஒன்று. ஒவ்வொரு செல்லையும் எண்ணெயில் மிதக்கும் ஒரு நுண்துளிக்குள் அடைத்து, தனித்தனியே குறியிட்டு வரிசைப்படுத்துவது மற்றொன்று. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தோம். ஓராண்டு கழிந்த பின்னும் நான் அதன் பக்கமே நிற்கிறேன்.

செல்லின் டிஎன்ஏவையே நேரடியாகப் படிக்கும் மூன்றாம் வழியும் உண்டு. ஆனால் எதிர்ப்பொருள் ஐஜிஎம் வகையா, ஐஜிஜி வகையா என்று காட்டும் பகுதி, கிருமியை அடையாளம் காணும் பகுதியிலிருந்து அதில் வெகுதூரம் தள்ளி இருப்பதால், ஒரே வாசிப்பில் இரண்டும் சிக்குவதில்லை. எங்களுக்கு அந்த வகை தேவைப்பட்டதால் அந்த வழியைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டோம்.

ஒற்றைச் செல் முறையின் பெருமை யாவரும் அறிந்ததே. எதிர்ப்பொருளின் கனமான சங்கிலிக்கான மரபணு 14ஆம் குரோமோசோமிலும், இலகுவான சங்கிலிக்கானவை 2ஆம், 22ஆம் குரோமோசோம்களிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி ஆர்என்ஏ. எல்லாவற்றையும் ஒரே குழாயில் கலந்துவிட்டால், எந்தக் கனமான சங்கிலிக்கு எது இணை என்பது தெரியாமல் போய்விடும். அந்த இணையைக் காத்துத் தருவது ஒற்றைச் செல் முறை. ஓர் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் செய்து பார்க்க விரும்புபவர் அதையே நாட வேண்டும். செலவு பல மடங்கு என்பதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது செலவன்று, செல்களின் உயிர். ஒற்றைச் செல் முறைக்கு உயிருள்ள செல்கள் வேண்டும். எங்கள் தன்னார்வலர்களோ அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கத்து ஊர்களில் வேலை செய்கிறவர்கள். காலையில் எடுத்த ரத்தம் வேலூர் வந்துசேரப் பிற்பகல் ஆகிவிடும். ரத்தக்குழாயை அறை வெப்பநிலையில் கொண்டுவருமாறு செய்முறைக் குறிப்பு சொல்கிறது. அதை எழுதியவர் மனத்தில் இருந்த அறை நிச்சயமாக வேலூரில் இல்லை. சென்ற மே மாதம் ஒரு மாதிரியை, செல்களை அடர்த்தியால் பிரிக்கும் ஃபைக்கால் கரைசலின் மேல் அடுக்கிச் சுழற்றியபோது, தெளிவாகத் திரள வேண்டிய வெள்ளை அணுக்களின் வளையம் கலங்கிக் கிடந்தது. ட்ரைபான் நீலம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு செல்கள் நீலமாகத் தெரிந்தன. நீலமானவை இறந்தவை.

செல்களை உறைய வைத்து, பிறகு ஒருநாள் நிதானமாகச் செய்யலாமே என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் ஊக்கத் தவணைக்குப் பின் ஏறத்தாழ 7ஆம் நாளில் ரத்தத்தில் தலைகாட்டும், எதிர்ப்பொருளை மிகுதியாகச் சுரக்கும் பிளாஸ்மாபிளாஸ்ட் செல்களே எங்களுக்கு முக்கியம். உறைந்து உருகும்போது மற்றச் செல்களைக் காட்டிலும் அதிகமாக மடிவனவும் அவையே. எதைத் தேடிப் போகிறோமோ அதையே இழந்துவிட்டு மீதியைத் துல்லியமாக எண்ணுவதில் பயனில்லை. மொத்த முறையில், ரத்தம் எடுத்த இடத்திலேயே ஆர்என்ஏவை நிலைப்படுத்தும் திரவமுள்ள குழாயில் அதைச் சேர்த்துவிட்டால் போதும். செல் இறந்தாலும் செய்தி தங்கும்.

அந்தச் செய்தியை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. பி செல்கள் தம் எதிர்ப்பொருள் மரபணுவில் தாமாகவே மாற்றங்களைப் புகுத்திக்கொள்பவை. டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆரும் வரிசைப்படுத்தும் கருவியும் செய்யும் பிழைகள் அம்மாற்றங்களைப் போலவே தோன்றும். ஆகவே ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும்போதே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் 12 எழுத்துக் குறி ஒன்றைச் சேர்க்கிறோம். நான்கு எழுத்துகளால் 12 இடங்களை நிரப்பினால் 1.67 கோடிக்கு மேற்பட்ட குறிகள் கிடைக்கும். ஒரே குறியுள்ள வாசிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், ஒன்றில் மட்டும் இருக்கும் மாற்றம் பிழை, எல்லாவற்றிலும் இருப்பது பெரும்பாலும் உண்மை. முதல் சுற்றில் இந்தக் குறியைச் சேர்க்காமல் செய்து, இல்லாத எதிர்ப்பொருள் குடும்பங்களை எண்ணி மகிழ்ந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குறியாலும் தீராத குறை ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்மாபிளாஸ்ட் செல்லில் இருக்கும் எதிர்ப்பொருள் ஆர்என்ஏ, இன்னும் தூண்டப்படாத இளம் பி செல்லில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே நூறு குறிகள் என்பது நூறு செல்களாகவும் இருக்கலாம், ஒரே செல்லாகவும் இருக்கலாம். இதற்காக ஒருவரிடமே இரண்டு குழாய்களில் ரத்தம் எடுத்துத் தனித்தனியே வரிசைப்படுத்துகிறோம். இரண்டிலும் தென்படும் வரிசை ஒன்றுக்கு மேற்பட்ட செல்களிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். ஒற்றைச் செல் முறையில் இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. செல்களை நேராகவே எண்ணிவிடலாம்.

இரு முறைகளுக்கும் பொதுவான சிக்கல், ஒப்பிடப் பயன்படும் மூல மரபணுத் தொகுப்பு. 1989இல் பிரான்சின் மான்பெலியேயில் தொடங்கிய ஐஎம்ஜிடி என்னும் எதிர்ப்பொருள் மரபணுத் தரவுத்தளம் இதற்குப் பெரும் துணை. ஆனாலும் தொகுப்பில் இடம்பெறாத பிறவி வேறுபாடு ஒன்று நம் ஊர்க்காரரிடம் இருந்தால், தடுப்பூசியால் நேர்ந்த மாற்றம் என்று அதைத் தவறாக எழுதிவிடுவோம். பலருடைய இளம் பி செல்களில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் வந்தால் முதலில் சந்தேகப்படுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

ஒற்றைச் செல் முறையை நான் இரண்டே முறை செய்திருக்கிறேன். அதனால் அதன் குறைகளைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடி செய்தே கொள்ளுங்கள். அடுத்த சுற்றில், சத்துவாச்சாரியில் குடியிருக்கும் இரண்டு பணியாளர்களை மட்டும் 7ஆம் நாள் காலை எட்டு மணிக்கு ஆய்வகத்துக்கே வரச் சொல்லியிருக்கிறோம். அவர்களிடம் கிடைக்கும் இணைச் சங்கிலிகளை, அதே ரத்தத்தை மொத்தமாக வரிசைப்படுத்திக் கண்ட கனமான சங்கிலிகளோடு பொருத்திப் பார்ப்போம். மற்றவர்களுக்கு வழக்கம்போல் இரண்டு குழாய்கள்.