சுங்கை சிப்புட் பஜார் பக்கத்துச் சின்ன கிளினிக்

நான்கு வயதுக்குள் மூன்று முறை நிமோனியா வந்த மகனைத் தூக்கிக்கொண்டு போனேன், மற்ற இடங்களில் மருந்து மட்டும்தான் கொடுத்தார்கள், இந்த டாக்டரம்மாதான் “உங்கள் கூடப்பிறந்த யாருக்காவது இப்படி வந்ததாம்மா?” என்று கேட்டார். தூக்கிவாரிப்போட்டது. தம்பியைச் சின்ன வயதில் நிமோனியாவில்தான் பறிகொடுத்தோம். மருந்து உறையின் பின்பக்கம் பேனாவால் குடும்பத்தையே வரைந்து காட்டினார்: ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் உருவாகாத ஒரு குறை, 1952இல் புரூட்டன் என்ற டாக்டர் விவரித்தது, தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு இறங்கும், தாய் நன்றாகவே இருப்பாள். அந்தப் புரதத்தின் அளவைப் பார்க்கும் இம்யூனோகுளோபுலின் பரிசோதனைக்கு ஈப்போவுக்குக் கடிதமும் தந்தார். அதேதான் என்று தெரிந்தது. இப்போது மாதம் ஒருமுறை அந்தப் புரதத்தை டிரிப்பாக ஏற்றுகிறோம், பிள்ளை ஓடியாடுகிறான். கூட்டம் அதிகம், காலையிலேயே போய் நம்பர் எடுங்கள், தாய்மாமன் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.