ஜீன்ஸ் ஆல்டரேஷன்: எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம்?

ஜீன்ஸைச் சரிசெய்ய நான்கு வழிகள் உண்டு: பக்கத்துத் தையல் கடை, துணி வாங்கிய கடையிலேயே இருக்கும் ஆல்டரேஷன் பிரிவு, டெனிம் மட்டும் பார்க்கும் ரிப்பேர் கடை, வீட்டில் நாமே பிடிக்கும் ஊசி நூல். இதில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் இல்லை. கால் நீளத்தை அழகாகக் குறைக்கும் அதே டெய்லர், தொடை இடுக்கில் கிழிந்ததைத் தைக்கப்போய்ப் பெரிதாக்கிவிடலாம். வேலையைப் பொறுத்துத்தான் ஆள்.

நீளம் குறைக்கப் பக்கத்துக் கடையே போதும். ஆனால் ஊசி 16 அல்லது 18ஆம் நம்பர் ஜீன்ஸ் ஊசியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைக்குப் போட்டிருந்த 11ஆம் நம்பரிலேயே ஓட்டினால், பக்கத் தையல் மடிந்து தடித்த இடத்தில் ஊசி வளையும், தையல் விட்டுவிட்டு விழும். விவரம் தெரிந்தவர் அந்தத் தடிப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிவிட்டுத்தான் மிஷினில் வைப்பார். மேல்நூல் தடித்ததாக, பழைய தையலின் நிறத்தில் இருக்க வேண்டும். தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். சாதாரண நூலில் பொடித் தையல் போட்டால், விளிம்பு மட்டும் வேறு பேண்டிலிருந்து வந்ததுபோல் தெரியும்.

யாரிடம் கொடுத்தாலும் முதலில் துவைத்துக் காயவைத்து விடுங்கள். முன்சுருக்கம் செய்த, அதாவது ஆலையிலேயே சுருக்கி அனுப்பிய டெனிமே 1 முதல் 3 சதவீதம் சுருங்கும். தொடை இடுக்கிலிருந்து கால் விளிம்பு வரையான உள்கால் நீளம் 80 சென்டிமீட்டர் என்றால் 3 சதவீதத்துக்கு 2.4 சென்டிமீட்டர் போய்விடும். முன்சுருக்கம் செய்யாத துணி 7 முதல் 10 சதவீதம்கூடச் சுருங்கும். வாங்கிய அன்றே கடையில் குறைத்துக் கொடுப்பதில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான்.

டெனிம் கடைக்குப் போனால் செயின் ஸ்டிட்ச் கிடைக்கும்; நூல் சங்கிலி வளையங்களாகக் கோத்துக்கொண்டு போகும் தையல் அது. யூனியன் ஸ்பெஷல் 43200ஜி என்ற பழைய மிஷினைத் தேடி வைத்திருக்கும் கடைகள் இதற்காகவே பெயர் பெற்றவை. அதில் மடிப்பின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் சற்றே விலகி நகர்வதால், துவைத்து உடுத்தும்போது விளிம்பில் கயிறு முறுக்கியதுபோல் சாய்வான வரிகள் விழும். பார்க்க அழகுதான், உறுதிக்காக அதைத் தேட வேண்டாம். செயின் ஸ்டிட்சில் கடைசி முடிச்சு அவிழ்ந்தால் மொத்தமும் சரசரவென்று பிரியும், மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்ளும் சாதாரண மிஷின் தையலான லாக் ஸ்டிட்ச் அப்படிப் பிரியாது. வெளுத்துத் தேய்ந்த பழைய விளிம்பை வெட்டி மேலே ஏற்றித் தைப்பதும் நல்ல வழிதான். ஆனால் கீழே குறுகும் பேண்டில், புதிதாக வெட்டிய இடம் பழைய விளிம்பைவிட அகலமாக இருக்கும். அதைச் சுருக்கிப் பொருத்தத் தெரியாதவர் கையில் பக்கத் தையல் முறுக்கிக்கொள்ளும்.

இடுப்புப் பிடிக்க வேண்டுமானால், எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். இரு பக்கமும் டார்ட் (முக்கோணமாக மடித்துப் பிடிக்கும் தையல்) போடுகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். நடுப்பின் பெல்ட் லூப்பைக் கழற்றி, இடுப்புப் பட்டியைப் பிரித்து, பின்தையலைத் திறந்து உள்ளே இழுத்து, பட்டியை வெட்டி மறுபடி சேர்ப்பதே சரியான முறை. 5 சென்டிமீட்டருக்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். இடுப்பைப் பெரிதாக்கும் வேலையை எதிர்பார்க்காதீர்கள்: துணி ஒன்றுக்குள் ஒன்று மடங்கிய அந்தத் தையலுக்குள் விரிக்க மிச்சத் துணி இருக்காது.

கிழிசலுக்கு மட்டும் டெனிம் கடைக்கு மாற்றே இல்லை. டெனிமில் நீளவாட்டு இழை நீலம், குறுக்கிழை வெள்ளை. முழங்காலில் தேயும்போது முதலில் அறுவது நீல இழை. வெள்ளை இழைகள் குறுக்கே தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டிவிடாதீர்கள், நல்ல கைக்கு அவைதான் அடித்தளம். பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்து, நீல நூலை நீளவாட்டில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டி நிரப்புவார்கள். சிங்கர் 47டபிள்யூ70 போன்ற டார்னிங் மிஷின், அதாவது கிழிசலை நூலால் நிரப்பும் மிஷின், இதற்கானது. கால் குழாயை அதன் கையில் மாட்டி எந்தத் திசையிலும் நகர்த்தலாம். சாதாரணக் கடையில் தடித்த துணியை ஒட்டுப்போட்டு நான்கு பக்கமும் தைத்துத் தருவார்கள். ஒட்டு விறைப்பாகவும் சுற்றியுள்ள துணி நைந்தும் இருப்பதால், சில வாரங்களில் ஒட்டின் ஓரத்திலேயே புதுக் கிழிசல் வரும். பின்னால் வைக்கும் துணி தேய்ந்த இடத்தைத் தாண்டி 2, 3 சென்டிமீட்டர் போக வேண்டும். இஸ்திரி போட்டு ஒட்டும் பட்டை தொடை இடுக்குக்கு ஆகாது. துவைக்கத் துவைக்க உரிந்துவிடும். அந்த இடம் வெளுத்து மெலிந்து தெரியும்போதே கொடுத்துவிட்டால் பாதி வேலை.

வீட்டுக் கைத்தையல் சின்ன ஓட்டைக்கும், பிரிந்த பெல்ட் லூப்புக்கும், பட்டனுக்கும் தாராளமாகப் போதும். கிழிசல் மேலும் பரவாமல் தடுத்து வைக்கவும் உதவும்.

  

புதுக் கடையில் முதல்முறை பழைய பேண்ட் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். திரும்ப வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நூல் சுருள் சுருளாகத் தொங்கினால் மிஷினில் நூலின் இழுவை சரியில்லை. இரண்டு பக்கத் தையலும் கால் விளிம்பில் நேராக இறங்காமல் சாய்ந்திருந்தால் மடிப்பு முறுக்கியிருக்கிறது. அங்கேயே காட்டிப் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள்.