1,180 இலையும் அத்தைக் குழம்பும்: கடலூரில் ஒரு சமையல் காண்ட்ராக்ட் அனுபவம்

போன வைகாசியில் மூத்த மகளுக்குக் கல்யாணம். ரிசப்ஷன் இரவில் மட்டும் 1,180 இலை விழுந்தது. அந்தச் சமையல் காண்ட்ராக்டரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. "கூட்டம் சேர்ந்தா எனக்குக் கட்டுப்படி ஆகாது அண்ணே, நாளுக்கு ஒரு கல்யாணம்தான்" என்று அவரே தடுத்துவிட்டார். அதோடு குறைகளையும் சொல்லப் போகிறேன், பெயர் இல்லாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது. மாஸ்டர் என்றே சொல்கிறேன்.

ஏன் அவ்வளவு கூட்டம் என்று கேட்பீர்கள். நான் 33 வருஷம் திருப்பாப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் சைக்கிள் மிதித்த தபால்காரன். முதியோர் பணம் கொடுத்த வீடு, வேலைக்கு உத்தரவு வந்த கவரைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்குச் சர்க்கரை அள்ளி வாயில் போட்ட வீடு, எதை விடுவது? பத்திரிகை வைக்காமல் அந்தத் தெருவுக்குள் நான் எப்படிப் போவேன்? சம்பந்தி வீட்டாருக்கோ பண்ருட்டியில் பலா மண்டி. அவர்கள் பக்கமும் அதே கதைதான்.

மகளுக்கு இதில் வருத்தம். "ஃபிரண்ட் கல்யாணத்துல அவகிட்ட ஒரு வார்த்தை பேச முடியலப்பா. போட்டோவுக்கு நின்னப்போ சிரிச்சா, ஆனா வந்தது நான்தான்னு பதிஞ்சுதான்னே தெரியல" என்றாள். சின்னதாகத் திருவந்திபுரம் கோயில் மலையில் முடித்துக்கொள்ளலாம் என்பது அவள் ஆசை. தாலி அங்கேதான் கட்டினோம், அது வேண்டுதல். ஆனால் முகூர்த்த நாளில் அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே காலையில் நூறு கல்யாணம்கூட நடக்கிற மலை அது. படியேறும்போதே முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. எங்கள் நாதஸ்வரம் எது, பக்கத்துக் கல்யாணத்து நாதஸ்வரம் எது என்று பிரித்துக் கேட்கவே தனிக் காது வேண்டும். கூட வந்தது 45 பேர்தான், இருந்தும் அவள் நினைத்த அமைதி அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தது முந்தின நாள் ராத்திரி மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். அதற்கு மாஸ்டர்தான் காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் மூன்று பேரிடம் விசாரித்தேன். இருவர் "எத்தனை இலை, எத்தனை ஐட்டம்" என்று ஆரம்பித்தார்கள். இவர் ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டி, "எந்த ஊர்லேர்ந்து எத்தனை குடும்பம் வருது, யாருக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ், யாருக்குச் சர்க்கரை, யாரோட யாரு பேச மாட்டாங்க, எழுதிட்டு வாங்க" என்றார். கடைசிக் கேள்விக்கு என் மனைவி சிரித்துவிட்டாள். எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு ராத்திரி ஆனது. தபால்காரனுக்கே மறந்துபோன வீடுகள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன.

அடுத்தது ஐட்டம். 27 வகை எழுதிக்கொண்டு போயிருந்தோம். அதில் 11 வகையை அடித்தார். இலை நிறைந்தால் சாப்பிடுகிறவர் குனிந்தபடியே இருப்பார், யாரும் யாரோடும் பேச மாட்டார் என்பது அவர் கணக்கு. பன்னீர் பட்டர் மசாலா போனதில் என் மனைவிக்கு இன்னும் கோபம். "உங்க வீட்டுல விசேஷம்னா அம்மா என்ன வைப்பாங்க?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் சொன்னேன், பலாக்கொட்டை போட்ட காரக்குழம்பு. கத்தரிக்காய், முருங்கைக்காய், இரண்டு கீற்று மாங்காய், நல்லெண்ணெய், கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டுவது. அம்மா போய் ஒன்பது வருஷம். அந்தக் கைப்பக்குவம் இப்போது என் அக்காவிடம் மட்டும்தான் இருக்கிறது. ரிசப்ஷனில் காரக்குழம்பா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மாஸ்டர் விடவில்லை. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இருக்கும் அக்கா வீட்டுக்கே போய், அடுப்படி வாசலில் உட்கார்ந்து அவள் செய்வதைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. வயது 68. கல்யாண வேலை எல்லாவற்றையும் காண்ட்ராக்டில் விட்டதும் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போனது. "நாங்கல்லாம் வந்து உக்காந்துட்டுப் போற ஆளுங்கதானே" என்று இரண்டு முறை சொல்லிக் காட்டிவிட்டாள். அத்தை முகம் கொடுக்காத கல்யாணம் எப்படி இருக்கும் என்று தமிழ் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை.

பலாக்கொட்டை சம்பந்தி மண்டியிலிருந்தே வந்தது, 30 கிலோ. ரிசப்ஷனுக்கு முந்தின சாயங்காலம் மண்டபத்துப் பின்கட்டில் மாஸ்டர் அதைத் தார்ப்பாயில் கொட்டி, "உரிக்க என்கிட்ட ஆள் இல்ல, வீட்டுப் பொம்பளைங்க வந்தா ஆகும்" என்றார். கூலியை மிச்சம் பிடிக்கிறார் மனுஷன் என்றுதான் நினைத்தேன். உள்ளே கொஞ்சம் திட்டவும் செய்தேன். அப்புறம் பார்த்தால், அக்கா குழவிக்கல்லோடு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தட்டு தட்டினால் வெள்ளைத் தோல் விரியும், நகத்தை விட்டு இழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் சம்பந்தியம்மா. மண்டிக்காரர் வீட்டு அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமா, அக்கா ஒன்று உரிப்பதற்குள் அவர் மூன்று உரித்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை, வேகம் கூடியது. எட்டு மணிக்குப் போனபோது இரண்டு பக்கத்துப் பெண்களும் 20 பேருக்கு மேல் இருந்தார்கள். மகளும் மருதாணிக் கையோடு வந்து உட்கார்ந்து, எதையும் தொடாமல் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பிறந்தபோது வீட்டில் அரிசி இல்லாத கதை. அதை நானே கேட்டதில்லை. மறுநாள் மாஸ்டரைக் கேட்டேன். "ஆள் இருந்துச்சு அண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சரி, பரிமாறலுக்கு வருகிறேன். முதலில் ஒரு கணக்கு. மேடைக்கு ஏறிய குடும்பங்கள் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் அரை நிமிஷம் என்றாலே 200 நிமிஷம். அதில் பரிசு வாங்கவும், போட்டோகிராபர் "இன்னும் கொஞ்சம் நெருங்கி" என்பதற்கும் போனது போக என்ன பேச முடியும்? மேடை அலங்காரத்துக்கு வேறொருவரைப் பிடித்து, புகை, பூப்பந்தல், பெரிய திரை என்று நிறையக் கொடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. திரையில் மகளின் முகம் பத்தடி உயரத்துக்குத் தெரிந்தது, கீழே இருந்தவர்களுக்கு அவளையே தெரியவில்லை.

மாஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "பொண்ணு மாப்பிள்ளை மேடையில நிக்கட்டும். நீங்க அங்க நிக்காதீங்க. பந்தி விசாரிக்க வீட்டு ஆள் இல்லைன்னா அது ஓட்டல் சாப்பாடு." கூடத்தில் ஒரு பந்திக்கு 200 பேர். 6.15க்கு முதல் பந்தி, மொத்தம் ஆறு. நோட்டைப் பார்த்து அவரே பிரித்துவிட்டார். முதல் பந்தி கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கிராமத்து ஆட்களுக்கு. அடுத்தது வயதானவர்களும் சர்க்கரைக்காரர்களும். அவர்களுக்கு இனிப்புக்குப் பதில் இன்னொரு கரண்டி சுண்டல். ஒவ்வொரு பந்திக்கும் அந்த ஊரை அறிந்த எங்கள் வீட்டு ஆள் ஒருவர், கையில் நெய்க் கிண்ணத்தோடு. நெய் எதற்கு என்றேன். "சும்மா நடந்தா கூச்சமா இருக்கும், கையில ஏதாவது இருந்தா ஒவ்வொரு இலையிலயும் நிப்பாங்க" என்றார். நின்றார்கள். மைத்துனர் யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். அவரே அன்றைக்கு ஒரு வரிசையை முடிக்க இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

குழம்பு வந்தது. வாளியோடு வந்த பையன் "காரக்குழம்பு" என்று சொல்லவில்லை. "அத்தக் கொழம்பு, அத்தக் கொழம்பு" என்று கூவிக்கொண்டே வந்தான். மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் நிமிர்ந்து, "எந்த அத்தை?" என்று கேட்டார். அக்கா தூணுக்குப் பின்னால் நின்று யார் இலையில் கொட்டை மிஞ்சுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பையன் அவளைக் கைகாட்டினான். "வாங்கம்மா, இன்னும் ஒரு கரண்டி உங்க கையால" என்றார் பெரியவர். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா வாளியை வாங்கினாள். அதற்கப்புறம் கடைசிப் பந்திவரை அந்த வாளி அவளிடமிருந்து திரும்பவில்லை. முழங்கால் வலி என்று படியேறாதவள்.

நாலாவது பந்தியில் மணமக்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டார். பதினோரு மணிக்கு ஆறிப்போனதைச் சாப்பிட வைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. தனி மேசை இல்லை, வெள்ளித் தட்டும் இல்லை. மகளுடைய கல்லூரித் தோழிகளுக்கும் எங்கள் பழைய தபால் ஆபீஸ்காரர்களுக்கும் நடுவில் இரண்டு நாற்காலி. மேடையில் வரிசை நின்றது, போட்டோகிராபர் முறைத்தார். முப்பத்தைந்து நிமிஷம் அவள் அந்த வரிசையில் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். எழுந்து போகும்போது மாப்பிள்ளை பாயசக் கரண்டியை வாங்கி, ரிடையர் ஆன எங்கள் போஸ்ட் மாஸ்டருக்கு ஊற்றினார். அவர் இலையை மடித்த பிறகு. வழிந்தது. யாருக்கும் கவலையில்லை.

குறைகள் உண்டு. காலைப் பொங்கலில் உப்பு தூக்கல். நாலரை மணிக்கு என்ற காபி ஐந்தேகாலுக்குத்தான் வந்தது, மலைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் தவித்துப்போனார்கள். ஆறாவது பந்திக்கு வடை ஆறித்தான் போனது. மாஸ்டருக்கு வாய் அதிகம். பரிமாறுகிற பையனை விருந்தாளிகள் முன்னால் ஒரு முறை கத்திவிட்டார், எனக்கே சங்கடமாக இருந்தது. பின்கட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று மண்டபத்தில் 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டரிடம் கேட்டதற்கு, பாதியைத் தன் கணக்கில் கழித்துக்கொண்டார்.

பணம்: ராத்திரி இலைக்கு 260 ரூபாய், காலை 120. இலைக் கணக்கு என்பதால் ஒவ்வொரு பந்தியும் உட்கார்ந்தவுடன் இரண்டு பக்கத்து ஆளும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டோம். இதை யார் செய்தாலும் இப்படியே செய்யுங்கள், மறுநாள் சண்டை வராது. நாமே மளிகை வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் சமைக்கச் சொல்லும் முறையும் அவரிடம் உண்டு. ஆள்பலம் இருந்தால் அது மலிவு. பான்பரி மார்க்கெட்டுக்கும் மண்டபத்துக்கும் அலைய எங்களிடம் ஆள் இல்லை. 27 ஐட்டம் போட்டு அசத்த வேண்டும் என்கிறவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மாஸ்டர் அக்காவுக்குப் போன் செய்தாராம். ஆவணியில் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணம், அவர்களும் அந்தக் குழம்பைக் கேட்கிறார்கள், போடலாமா என்று. பலாக்கொட்டைக்கு அது பருவமில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மணலில் புதைத்து வைத்த கொட்டை இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாளாம். என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அங்கயும் அத்தக் கொழம்புன்னுதான் கூவுவானுங்களா?"