தமிழ் பேசிய தரகரும் ஏழாம் மாடியும்

பர்மாவில் மோல்மேன், தாட்டோன் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ ரங்கூன் கிளம்புகிறவர்கள், அறைக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அனுப்பியது ஒன்றரை லட்சம் கியாட். திரும்பி வந்தது ஒன்றுமில்லை.

மாமா மகளின் கல்யாணம். மாமா வீட்டில் கால் வைக்க இடமில்லை என்பதால் அம்மா, மனைவி, நான் மூவரும் மூன்று இரவு வெளியில் தங்குவதென்று முடிவு செய்தோம். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒரு தரகரின் எண்ணைக் கொடுத்தார். பேசிய இரண்டாவது நிமிடமே நான் விழுந்துவிட்டேன். அவ்வளவு இனிமையான தமிழ். "அண்ணே, காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, 27-ஆம் தெரு. மூன்றாம் மாடிதான். ஜெனரேட்டர் இருக்கிறது. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அனோரதா சாலையில் நம் முன்னோர் 1871-இல் எழுப்பிய கோயில் அது. விடியற்காலையில் நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று அம்மாவுக்கு ஆசை. அந்த ஆசையைத்தான் அவர் காசாக்கினார். படங்களும் அனுப்பினார்: பெரிய ஜன்னல், வெள்ளைத் திரை, மேசைமேல் பூச்சாடி. மூன்று இரவுப் பணத்தையும் அன்றே செல்பேசி வழியாக அனுப்பிவிட்டேன்.

எங்கள் பஸ் மாலையில் ஆங் மிங்கலா நிலையத்தில் நின்றது. அது நகரின் வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. ஊருக்குள் போக வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மோல்மேனில் நாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். ரங்கூன் நகருக்குள் அதற்குத் தடை. ஆகவே மூட்டை முடிச்சோடு டாக்சிதான். பாதி வழியில் தரகர் அழைத்தார். 27-ஆம் தெரு அறையில் குழாய் உடைந்துவிட்டதாம், அதைவிட நல்ல அறை 50-ஆம் தெருவில் தயாராக இருக்கிறதாம். கோயில் நகரின் மேற்குப் பக்கம். 50-ஆம் தெரு கிழக்கே போட்டத்தாங்கில்.

ஓட்டுநர் கேட்ட முதல் கேள்வி, "மேல் பகுதியா, நடுப் பகுதியா, கீழ்ப் பகுதியா?" எனக்கு விளங்கவில்லை. ரங்கூனின் எண் தெருக்கள் வடக்கிலிருந்து ஆற்றுப் பக்கம்வரை நீளமாக இறங்குகின்றன. அனோரதா சாலையும் மகாபந்துலா சாலையும் அவற்றைக் குறுக்கே வெட்டுகின்றன. எந்தத் துண்டு என்று தெரியாவிட்டால் தெரு எண்ணும் கதவு எண்ணும் இருந்தும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. தரகர் அதைச் சொல்லவில்லை, மறுபடி அழைத்தால் எடுக்கவும் இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றிய ஓட்டுநர் கூடுதல் பணம் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, நாங்கள் பேசிய கூலி வேறு இடத்துக்கு.

இடம் கிடைத்தது. ஏழாம் மாடி, லிப்ட் இல்லை. அந்தக் கட்டடங்களில் பால்கனியிலிருந்து கீழே கயிறுகள் தொங்கும். செய்தித்தாளைக் கிளிப்பில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். அம்மா அதைப் பார்த்து, "என்னையும் அதில் கட்டி இழுத்துவிடுங்களேன்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முழங்கால் வலியோடு ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். உயரம் கூடக்கூட வாடகை குறையும் என்பது ரங்கூன் கணக்கு. எங்களிடம் மட்டும் குறையவில்லை.

அறை என்பது ஒட்டுப்பலகைத் தடுப்பு. ஜன்னலே கிடையாது. மின்சாரம் போயிருந்தது, ஜெனரேட்டர் என்று சொன்னது பேட்டரியில் எரிந்த ஒற்றை விளக்கு. மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் ஏழாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. மூன்று பேருக்கு இரண்டு வாளி.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். இரவு ஒன்பது மணிக்கு அந்த வீட்டுப் பர்மியப் பெண்மணி வந்து, யாராவது சோதனைக்கு வந்தால் உறவினர் என்று சொல்லிவிடுங்கள் என்றார். தரகர் எங்கள் அடையாள அட்டைகளை ஏன் கேட்டு வாங்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இரவு தங்கும் விருந்தாளிகளை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதி 2016-இல் நீக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் திரும்ப வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தரகர் எங்களைப் பதியவே இல்லை. அவருக்கு வேலை மிச்சம், எங்களுக்குப் பயம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

விடிந்ததும் இறங்கிவிட்டோம். ரயில் நிலையத்துக்கு அருகே உரிமம் பெற்ற ஒரு விடுதியில், அட்டைகளைக் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் தங்கினோம். கூடுதல் செலவுதான். ஆனால் அம்மா தூங்கினார்.

இப்போது யாராவது அறை என்று சொன்னால் நான் படம் கேட்பதில்லை. எந்தத் தெரு, எந்தப் பகுதி, எத்தனை படி, மின்சாரம் போனால் குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்கிறேன். எங்களை யார் பதிவார்கள் என்றும் கேட்கிறேன். அதற்கு வாய் குழறினால் பேச்சு அங்கேயே முடிந்தது. ரங்கூனில் உறவினர் இருந்தால் ஒருவரை அனுப்பி ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். பணத்தை அறைக்குள் நின்று கொடுங்கள், ஓர் இரவுக்கு மட்டும்.

கல்யாணத்துக்கு மறுநாள் மாமாவின் செல்பேசியிலிருந்து அந்தத் தரகரை அழைத்தேன். உடனே எடுத்தார். நான் பெயரைச் சொல்லி, "தம்பி, பணம்" என்று தொடங்கினேன். சற்று நேரம் அமைதி. பிறகு அதே குரல், தனக்குத் தமிழ் தெரியாது என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.