ஃபிலிம் நுவார் துப்பறியும் படங்கள்: எதில் தொடங்குவது?

நுவார், அதாவது ஹாலிவுட்டின் பழைய கறுப்பு-வெள்ளைக் குற்றப்படங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் 1941-ல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’. அருமையான படம்தான். ஆனால் நுவார் என்றதும் நாம் எதிர்பார்க்கும் அடர்ந்த நிழலும், ஃபிளாஷ்பேக்கும், துப்பறிவாளனே கதை சொல்லும் குரலும் அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதற்கு 1944-ன் ‘மர்டர், மை ஸ்வீட்’, 1947-ன் ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ இரண்டுக்கும் போக வேண்டும். (மூன்றின் முடிவும் இங்கே பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

ஃபால்கன், ஜான் ஹஸ்டன் இயக்கிய முதல் படம். டாஷியல் ஹாமெட்டின் நாவலை வார்னர் பிரதர்ஸ் அதற்கு முன்பே 1931-லும் 1936-லும் படமாக்கியிருந்தது. மூன்றாவது முறைதான் நின்றது. ஹம்ப்ரி போகார்ட் நடித்த சாம் ஸ்பேட், கூட்டாளி ஆர்ச்சர் சுடப்படும் காட்சி தவிர ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் இருக்கிறார். அவருக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். ஆனால் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதைப் படம் கடைசிவரை காட்டிக்கொடுக்காது. பெரும்பாலும் அறைகளுக்குள் நடக்கும் பேச்சுதான் கதை. ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் இருட்டை விடக் கோணத்தை நம்புகிறார்: 61 வயதில் முதன்முறையாகத் திரைக்கு வந்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டைக் கீழிருந்து படம்பிடித்து, அவர் வயிறே ஃபிரேமை அடைக்கும்படி செய்கிறார்.

வித்தியாசம் பளிச்சென்று தெரிய ஒரே ஒரு விஷயத்தை ஒப்பிட்டால் போதும்: துப்பறிவாளன் நினைவிழக்கும் இடம். ஃபால்கனில் ஸ்பேடுக்கு மதுவில் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். தடுமாறுகிறார், விழுகிறார், ஓர் உதை விழுகிறது, காட்சி முடிந்தது. ‘மர்டர், மை ஸ்வீட்’டில் துப்பறிவாளன் மார்லோ அடிபடும்போது மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு பரவித் திரை முழுவதையும் மூடிவிடும். பிறகு மருந்தேற்றப்பட்ட நிலையில் கதவுக்குப் பின் கதவாக ஒரு கனவு. விழித்த பிறகும் நூலாம்படை போன்ற புகை நம் கண்ணுக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் நிற்கும். ஸ்பேடை வெளியிலிருந்து பார்க்கிறோம். மார்லோவின் மண்டைக்குள்ளேயே போய்விடுகிறோம். இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக் படத்தைத் தொடங்குவதே அப்படித்தான்: கண்ணில் கட்டுப்போட்ட மார்லோ, நம்பத் தயாராயில்லாத போலீஸாரிடம் கதை சொல்கிறார். கண் தெரியாத ஒருவரின் சாட்சியம்தான் முழுப்படமும். ஆனால் கடைசியில் டாக்ஸிக்குள் முத்தத்தோடு எல்லாம் சுபம் என்று முடித்திருப்பது அத்தனை நேரம் கட்டிய பயத்தைக் கரைத்துவிடுகிறது. படத்தின் பெரிய பலவீனம் அதுவே.

ஒளியமைப்பைப் படிக்க வருகிறவர்களுக்கு ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’தான் பாடப்புத்தகம். ஒளிப்பதிவு நிக்கோலஸ் முசுராக்கா, இயக்கம் ஜாக் டூர்னர். சாதாரணக் காட்சியில் முகத்தின் வெளிச்சப் பக்கம் நிழல் பக்கத்தை விட இரண்டு முதல் நான்கு மடங்கு பிரகாசமாக இருக்கும். நுவாரில் அது எட்டு மடங்கையும் தாண்டும், ஏனென்றால் நிழலை நிரப்பும் ஃபில் லைட்டை வெகுவாகக் குறைத்துவிடுவார்கள். இதைக் குறும்படத்தில் செய்துபார்க்கிறவர்கள் பலர் எல்லா விளக்கையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். விளைவு கறுப்பு அல்ல, கலங்கிய சாம்பல். ஃபிரேமில் எங்காவது ஒரு விளக்கோ சட்டைக் காலரோ நல்ல வெள்ளையாக இருந்தால்தான் மற்றது கறுப்பாகத் தெரியும். ஜன்னல் பட்டை நிழல் கூர்மையாக விழ வேண்டுமா? சிறிய, கடினமான ஒளிமூலம் ஒன்றே ஒன்று வையுங்கள். பட்டைகள் விளக்கிலிருந்து தள்ளியும் சுவருக்குப் பக்கத்திலும் இருக்கட்டும். ஒளியை மென்மையாகப் பரப்பும் சாஃப்ட்பாக்ஸ் போட்டால் கோடுகள் கரைந்துவிடும்.

முசுராக்கா இருட்டைக் கண்டபடி இறைக்கவில்லை. சியரா மலையடிவார ஊரான பிரிட்ஜ்போர்ட்டும் ஏரிக்கரையும் பகல் வெளிச்சத்தில் திறந்து கிடக்கின்றன. தாதா ஒருவனுக்காகத் துப்பறிவாளன் ஜெஃப் தேடிப்போகும் பெண்ணான கேத்தியை நாம் முதலில் பார்ப்பதும் அகபுல்கோவின் வெயிலிலிருந்து அவள் உள்ளே வரும்போதுதான். பிறகு காட்டுக் குடிலில் ஜெஃப் தன் பழைய கூட்டாளியோடு சண்டைபோடும் காட்சியில் கேத்தியின் முகத்தைக் கவனியுங்கள்: அடித்துக்கொள்கிறவர்களின் நிழல் அதன் மேல் விழுந்து விழுந்து விலகுகிறது. அவள் பதறவில்லை. அடுத்து துப்பாக்கி வெடிக்கிறது. 40,000 டாலருடன் ஓடியவள் என்ற புகாரைச் சிரித்து ஒதுக்கிய ஜெஃப், அவள் யாரென்று புரிந்துகொள்வது அந்த வெளிச்சத்தில்தான்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜெஃபாக நடித்த ராபர்ட் மிட்சம் குரலில் வரும் கதைசொல்லல், இரவில் காரில் இப்போதைய காதலி ஆனிடம் பழையதைச் சொல்லி முடிப்பதோடு நின்றுவிடும். கடந்ததைப் பற்றி மட்டும்தான் அவரால் பேச முடிகிறது. இனி நடக்கப்போவது மற்றவர்கள் பின்னிய வலை.

மூன்றும் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளுக்குள் எடுக்கப்பட்டவை. குற்றவாளி தப்பக் கூடாது. ஸ்பேட் தான் நேசிக்கும் பெண்ணிடமே காரணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு அவளைப் போலீஸிடம் ஒப்படைக்கிறார். லிஃப்ட் கதவின் கம்பிகள் அவள் முகத்தில் சிறைக்கம்பியாக விழுகின்றன. ஜெஃபோ தானே போலீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, சாவது தெரிந்தே கேத்தியோடு காரில் ஏறுகிறார். கறைபடாமல் வெளியேற முடிகிற துப்பறிவாளன் 1941-ல் சாத்தியம். 1947-ல் அவனும் குற்றத்தின் ஒரு பகுதி. நுவாரின் சாரம் இதுதான் என்பதால் மூன்றில் முதலிடம் ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’டுக்கே.

‘த பிக் ஸ்லீப்’ எங்கே என்று கேட்பீர்கள். போகார்டும் லாரன் பக்காலும் பேசிக்கொள்வதற்காக அதைத் தாராளமாகப் பார்க்கலாம். துப்பறியும் கதையாக அது தலைசுற்ற வைக்கும். 1945-ல் ராணுவத்தினருக்குக் காட்டப்பட்ட பதிப்பில் வழக்கை விளக்கும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. 1946 வெளியீட்டில் அதை வெட்டிவிட்டு, ஜோடியின் காட்சிகளைக் கூட்டினார்கள். கதை புரிய வேண்டுமென்றால் பழைய பதிப்பு, ரசிக்க வேண்டுமென்றால் புதியது.

எதைப் பார்த்தாலும் முதலில் டிவி செட்டிங்கைச் சரிசெய்யுங்கள். அசைவை செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்து, பிக்சர் மோடை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கருக்கு மாற்றுங்கள். இருட்டாக இருக்கிறதே என்று பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பெல்லாம் வெளுத்துப்போகும். அறை விளக்கை அணைப்பதே சரியான வழி. படம் 1.37:1 அகல-உயர விகிதத்தில் வர வேண்டும், அதாவது இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதே முறை. திரை முழுக்க நிரம்பியிருந்தால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் அல்லது இழுத்திருக்கிறார்கள். ஃபால்கனுக்கு வண்ணம் பூசிய பதிப்பும் ஒன்று உண்டு. ஹஸ்டனே கடுமையாக எதிர்த்த வேலை அது, அதைத் தொடவே வேண்டாம்.