நெடுந்தூரப் பயிற்சிக்கு நடுவே ஸ்பிரிண்ட் டிரையத்லான்: மூன்று ஆண்டு அனுபவம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்வது டிரையத்லான்; அதன் குறுந்தூர வடிவம் ஸ்பிரிண்ட். என் முதல் ஸ்பிரிண்ட் பந்தயத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது காலை மணி ஒன்பதுகூட ஆகவில்லை. கதவைத் திறந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னப்பா, பாதியிலேயே விட்டுவிட்டாயா?" என்று கேட்டார். விடிவதற்கு முன் சைக்கிளோடு கிளம்பி, வெயில் ஏறிய பிறகு உப்புப் பூத்த சட்டையோடு திரும்புகிறவனைப் பார்த்தே பழகியவர் அவர். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதை ஒரு பந்தயமாக அவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போது என்னாலும் முடியவில்லை.

2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டுகளாக ஒரே வழக்கத்தை வைத்திருக்கிறேன். அக்டோபர் அல்லது நவம்பரில் கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 என்கிற அரை அயர்ன்மேன் டிரையத்லான்தான் இலக்கு. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அந்தப் பயிற்சியின் நடுவே, ஆகஸ்டில், சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நடக்கும் ஒரு ஸ்பிரிண்டில் கலந்துகொள்வேன். அதில் 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர்தான். நெடுந்தூரத்துக்குத் தயாராகிறவர்கள் இதைச் செய்யலாமா, செய்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதல் ஆண்டில் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். பந்தயம் என்றாலே டேப்பர், அதாவது முன்கூட்டியே பயிற்சியைக் குறைத்துக்கொள்வது, என்று நினைத்து, அந்த வாரத்தின் நீண்ட சைக்கிள் பயிற்சியையும் நீண்ட ஓட்டத்தையும் விட்டுவிட்டேன். பந்தயத்தில் 1 மணி 34 நிமிடம் எடுத்தது. என் வயதுப் பிரிவில் எட்டாவது இடம். ஓடியவர்கள் பதினோரு பேர் என்பதைக் கேட்டால் மட்டும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்; அந்த உற்சாகத்தில் செவ்வாய்க்கிழமையே திடலுக்குப் போய் வேக ஓட்டம் ஓடினேன். நாலாவது சுற்றில் இடது கெண்டைக்காலில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் ஓட்டம் இல்லை. முந்தைய வாரத்தையும் சேர்த்தால், ஒன்றரை மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டரை வாரத்தை வாடகையாகக் கொடுத்திருக்கிறேன்.

மாதக்கணக்கில் நிதானமாக ஓடிய கால் அது. நீண்ட பயிற்சிகளில் என் இதயத்துடிப்பு 140ஐத் தாண்டாது. ஸ்பிரிண்டில் 170ஐ ஒட்டியே நிற்கும். நுரையீரல் சமாளித்துவிடும். சைக்கிளிலிருந்து இறங்கிய கல் போன்ற காலோடு வேகமாக ஓடும்போது அடி வாங்குவது கெண்டைக்கால்தான், அதுவும் இரண்டு நாள் கழித்துத்தான் வாய் திறக்கும். இப்போதெல்லாம் பந்தயம் முடிந்த நான்கு நாளுக்கு வேக ஓட்டம் எதுவும் கிடையாது. நீச்சலும் மெதுவான சைக்கிளும் மட்டும்.

சரி, கிடைத்தது என்ன? முதலில் சொல்ல வேண்டியது டி1, டி2 என்று நாங்கள் சொல்கிற அந்த மாறும் இடங்கள். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற நேரமும் பந்தயக் கடிகாரத்தில்தான் ஓடுகிறது. முதல் ஆண்டில் டி1-இல் தரையில் உட்கார்ந்து, மணல் ஒட்டிய ஈரப் பாதத்தில் காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தேன். அது குதிகாலைத் தாண்ட மறுத்தது. இழுத்தால் உள்ளே மணல், உதறினால் காலுறை திரும்பிக்கொள்கிறது. ஒருவழியாக முடித்து சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுத்தேன். நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தொடக் கூடாது என்பது விதி. தெரிந்த விதிதான், பதற்றத்தில் மறந்துவிட்டது. டி1: 4 நிமிடம் 38 நொடி. டி2: 2 நிமிடம் 50 நொடி.

அடுத்த ஆண்டு இதற்கென்றே மொட்டைமாடியில் பயிற்சி செய்தேன். தலையிலும் காலிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடி வந்து, தலைக்கவசம், வார், காலணி என்று வரிசை மாறாமல் மாட்ட வேண்டும். எதிர்வீட்டுப் பையன் கைப்பேசியில் நொடி எண்ணினான். "மாமா, போன தடவையைவிட மெதுவாகத்தான் வந்திருக்கிறீர்கள்" என்று இரக்கமில்லாமல் சொல்வான். காலணியில் சாதாரண நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் நாடா கோத்தேன். ஸ்பிரிண்டுக்குக் காலுறையே வேண்டாம் என்று முடிவு செய்து, காலணிக்குள் முகப் பவுடர் தூவினேன். 2024இல் இரண்டு மாற்றங்களும் சேர்ந்து 2 நிமிடம் 56 நொடி. அந்த ஆண்டு மொத்த நேரம் 1 மணி 25 நிமிடம். மூன்று ஆண்டில் குறைந்த ஒன்பது நிமிடத்தில் பாதிக்கு மேல் அந்த வாளித் தண்ணீரில் வந்தது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டு நிமிடம் குறைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது.

இரண்டாவது, கடல். நான் நீந்திப் பழகியது வேளச்சேரியின் ஐம்பது மீட்டர் குளத்தில். அங்கே யாரும் முகத்தில் உதைப்பதில்லை. பந்தயத்தின் முதல் நூறு மீட்டரில் யாருடைய குதிகாலோ என் நீச்சல் கண்ணாடியில் பட்டு, ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் உள்ளே போய், மூச்சு தாறுமாறாகிவிட்டது. மல்லாந்து மிதந்து வானத்தைப் பார்த்தபடி பத்து வரை எண்ணினேன். கோவாவில் அதே பதற்றம் வந்தபோது என்ன செய்ய வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. 2023இல் இன்னொரு பாடம். தண்ணீரில் இறங்குமுன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, இன்று தெண்டி. நேராகப் பார்த்து நீந்தினால் வடக்கே போய்த்தான் நிற்பீர்கள்" என்றார். தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும் நீரோட்டத்துக்குக் கடற்கரையில் அந்தப் பெயர். மிதவைக்குத் தெற்கே தள்ளிக் குறி வைத்து நீந்தினேன். அவர் பேச்சைக் கேட்காதவர்கள் மிதவையைத் தாண்டிப் போய் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பினார்கள். (அதற்கு முந்தைய ஆண்டில் ஏற்பாட்டாளர்கள் கட்டிய மிதவையே நகர்ந்துவிட்டது. எல்லாருடைய கடிகாரத்திலும் தூரம் தொள்ளாயிரம் மீட்டர் காட்டியது. கேட்டதற்கு, "கடல்தானே சார்" என்றார்கள்.)

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவே இல்லை. 2023இல் பந்தயத்துக்கு முன் 71.4 கிலோ இருந்தேன். முடிந்ததும் துடைத்துக்கொண்டு ஏறினால் 69.9. நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தேன். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் என்று கணக்கிட்டால், ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு லிட்டர் வியர்வை. முந்தைய ஆண்டு கோவாவில் சைக்கிளில் மணிக்கு முக்கால் லிட்டர்தான் குடித்தேன். ஓட்டம் தொடங்கும்போதே பெருங்கடனில் இருந்திருக்கிறேன். ஸ்பிரிண்டின் வேகத்தில் வியர்வை கூடுதலாகத்தான் போகும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே கோவாவுக்கு எடுத்துச் செல்லவில்லை. மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்து, வெறும் தண்ணீராக இல்லாமல் உப்பும் சேர்த்துக் குடித்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே பெயர் கொடுக்க ஓடுகிறவர்களுக்கு, 2023 அக்டோபரில் கோவாவில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டில் 20 கிலோமீட்டரை மணிக்கு 31 வேகத்தில் ஓட்டிய கால், இப்போதும் ஓட்டும் என்று நம்பினேன். முதல் 40 கிலோமீட்டர் அருமையாக இருந்தது. குடிப்பதில் குறை வைக்கவில்லை. ஆனால் ஓட்டத்தில் பதின்மூன்றாவது கிலோமீட்டரிலிருந்து நடந்தேன். என்னைவிட மெதுவாக சைக்கிள் ஓட்டிய, தலை நரைத்த ஒருவர், "வாருங்கள் தம்பி, சேர்ந்து போகலாம்" என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு என்னைக் கடந்துபோனார். பசி எடுப்பதற்கு முன் நடப்பதெல்லாம் ஸ்பிரிண்டில் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது மணி நேரத்தில் இருக்கை எங்கே உறுத்தும், சக்திக்காக விழுங்கும் ஐந்தாவது ஜெல்லை வயிறு ஏற்குமா, மனம் எப்போது பேரம் பேசத் தொடங்கும் என்பதெல்லாம் தெரியாது. அதற்கு சனிக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

வேகம் இருந்தால் தூரம் தானாக வரும் என்பதற்கு ஜெர்மனியின் டிரையத்லான் வீரர் யான் ஃபுரோடெனோவைக் காட்டுவார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குறுந்தூரத் தங்கம், பிறகு 2015இல் ஹவாயில் அயர்ன்மேன் உலகப் பட்டம். நடுவே ஏழு ஆண்டு இருக்கிறது. நமக்கு நடுவே இருப்பது பத்து வாரம்.

இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு இதுதான்: ஸ்பிரிண்டுக்கும் முக்கியப் பந்தயத்துக்கும் நடுவே குறைந்தது ஆறு வாரம். நீண்ட சைக்கிள் பயிற்சி வியாழக்கிழமைக்கு மாறும், ரத்தாகாது. வெள்ளி ஓய்வு, சனிக்கிழமை கால் உதறலாக இருபது நிமிடம் இலேசான பயிற்சி, ஞாயிறு பந்தயம். தனி டேப்பர் கிடையாது. பதக்கம் கிடைக்காவிட்டால் வருத்தமும் கிடையாது, கொஞ்சம் உண்டு.

இந்த ஆண்டு நவம்பரில் மலேசியாவின் லங்காவியில் முழுத் தூர அயர்ன்மேன். 3.8, 180, 42.2 கிலோமீட்டர். ஆகஸ்ட் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது. இம்முறை முடிந்த கையோடு காரில் திரும்புவதாக இல்லை. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு அதே சைக்கிளில் மகாபலிபுரம் போய், அங்கிருந்து மெதுவாகத் திருவான்மியூர் வருவேன். அறுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். வீடு சேர வெயில் நன்றாக ஏறிவிடும், அம்மாவுக்கும் சந்தேகம் வராது.